ரயில் என்றால் கம்பி, அப்போ வண்டிக்குப் பெயர் என்ன?

புலியூர்க்குறிச்சி (சனி, இரவு 8:40)

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தமிழ் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். ரோட்டில் பார்க்கும் பத்து வண்டிகளின் பெயரைத் தமிழில் எழுதி, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். சாயங்காலம் நோட்டும் பென்சிலுமாகத் திண்ணையில் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். பேருந்து, மிதிவண்டி எல்லாம் கடகடவென்று போய்விட்டது. ரயில் என்று வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. "அப்பா, ரெயில்னா இங்கிலீஷ்ல கம்பிதானே, வண்டிக்க பேரு டிரெயின்லா? நாம ஏன் கம்பிக்க பேரை வண்டிக்கு வச்சிருக்கோம்?" என்கிறாள்.

நான் பதில் தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, அடுக்களைக்குள் இருந்து என் அம்மா, "அது தீவண்டி மக்களே, தீவண்டின்னு எழுது" என்று குரல் கொடுக்கிறார். மகளுக்கு ஒரே சிரிப்பு. தீவண்டியை எழுதினால் டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போடுவார் என்பது எனக்கு நிச்சயம். இங்கே விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ரயிலுக்கு மட்டுமில்லை, பஸ், டெம்போ, ஆட்டோ என்று எதற்கு என்ன தெரிந்தாலும் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை காலை நோட்டு போக வேண்டும்.

டபுள்விசில் (சனி, இரவு 9:55)

தம்பி, முதலில் பிள்ளைக்கு என் பெயரைச் சொல்லி நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். 31 வருஷம் தோளில் பையை மாட்டிக்கொண்டு விசில் ஊதியவன் நான், இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவள் சொன்னது சரிதான். ஆங்கிலத்தில் ரெயில் என்பது இரும்புப் பட்டை. லத்தீனில் ரெகுலா என்றால் நேரான கோல், அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து தேய்ந்து ரெயில் ஆனது. அதே ரெகுலாதான் இன்னொரு பக்கம் ரூல் என்றும் வந்தது. ஆக, அவள் மடியில் இருக்கும் ரூல் போட்ட நோட்டும், எழுத முடியாமல் நின்ற ரயிலும் ஒரே குச்சியில் பிறந்தவை, இதையே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். டிரெயின் என்பது இழுப்பது என்ற பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக இழுபடும் பெட்டிகள். நாம் ரெயில்வே என்பதில் முன்பாதியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டோம்.

அதிலும் நம்ம குமரி மாவட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற ஊர்களில் வண்டி வந்து, கூடவே பெயரும் வந்திருக்கும். இங்கே பெயர் வந்து பல காலம் கழித்துத்தான் வண்டி வந்தது. திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1979 ஏப்ரல் 15. திருநெல்வேலிப் பக்கம் பாதை இணைந்தது 1981 ஏப்ரலில். அதுவரைக்கும் நமக்கு ரயில் என்றால் பாடப் புத்தகத்திலும் சினிமாவிலும் பார்ப்பதுதான், இல்லையென்றால் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் ஏற வேண்டும்.

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். பஸ் என்ற சொல்லை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். லத்தீனில் ஓம்னிபுஸ் என்றால் "எல்லாருக்கும்". பிரான்சில் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற குதிரை வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், 1829-ல் ஷில்லிபியர் என்பவர் அதை லண்டனுக்குக் கொண்டுவந்தார். போகப் போக ஜனங்கள் சுருக்கினார்கள். சுருக்கியதுதான் சுருக்கினார்கள், முன்பாதியை வைத்திருக்கக் கூடாதா? எல்லா என்ற பொருள் ஓம்னியில்தான் இருக்கிறது, புஸ் என்பது வெறும் வேற்றுமை விகுதி. நம்ம மொழியில் சொன்னால் "எல்லாருக்கும்" என்ற சொல்லில் "எல்லா"வை வெட்டிப் போட்டுவிட்டு, "ருக்கும்" என்று வண்டிக்குப் பெயர் வைத்த மாதிரி. "அண்ணே, தக்கலை ருக்கும் போயாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள்.

சொல்வேர் (சனி, இரவு 11:20)

அண்ணாச்சி சொன்ன விகுதிக் கதையைத் திங்கட்கிழமை என் வகுப்பில் சொல்லப் போகிறேன், அனுமதி கேட்கவில்லை.

ஆனால் பேருந்து என்ற சொல்லைப் பாடப் புத்தகச் சொல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். உந்து என்றால் தள்ளு, முன்னால் செலுத்து. பெரிய உந்து பேருந்து, சின்னது சிற்றுந்து, சரக்கு ஏற்றினால் சரக்குந்து. இங்கே எந்த உறுப்பும் வெட்டுப்படவில்லை. மகிழுந்து என்றால் பலரும் முகம் சுளிப்பார்கள், மகிழ்ச்சிக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், அந்தக் காலத்தில் காரை "பிளசர்" என்பார்கள், "முதலாளி பிளசர்ல வந்தாரு" என்று. பிளஷர் கார் என்பதன் சுருக்கம் அது. பிளசரையும் மகிழுந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஆச்சி பேச்சும் பாடப் புத்தகமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

ஊர்தி எனக்கு ரொம்பப் பிடித்த சொல். இன்றைக்கு ஊர்வது என்றால் எறும்பு, பாம்பு, அவ்வளவுதான். பழைய தமிழில் யானை மேலும் குதிரை மேலும் ஏறிப் போவதும் ஊர்தல்தான். வாகனம் வடசொல், வஹ் என்றால் சுமப்பது, ஆங்கில வெஹிகிளும் வேகனும் அதற்குத் தூரத்துச் சொந்தம். இங்கே சுசீந்திரத்தில் சாமி ஏறுவதும் வாகனம், ஆர்டிஓ ஆபீசில் பதிவு செய்வதும் வாகனம், யாரும் குழம்புவதில்லை.

ஸ்பேனர் (ஞாயிறு, காலை 7:05)

சார்மாரே, நான் மார்த்தாண்டம் பக்கம் பட்டறை வைத்திருப்பவன், லத்தீன் எல்லாம் எனக்கு வராது. டெம்போ கேட்டார்கள் இல்லையா, அதை நான் சொல்கிறேன்.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு ஆள் போன் பண்ணுகிறார். "அண்ணே, டெம்போ களியக்காவிளைக்க இந்தப் பக்கம் நின்னு போச்சு, கிளட்ச் போன மாதிரி இருக்கு." என்ன வண்டி என்றேன். "டெம்போதான்" என்கிறார். அது தெரியும் மக்கா, எந்தக் கம்பெனி, என்ன மாடல், சாமான் எடுத்துட்டு வரணும்லா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "நீலக் கலர்" என்கிறார்.

நம்ம மாவட்டத்தில் டெம்போ என்றால் இதுதான் நிலைமை. வெளியூரில் மினி லாரி என்பார்களே, நாலு சக்கரமோ ஆறு சக்கரமோ, செங்கல் ஏற்றினாலும் ரப்பர் ஷீட் ஏற்றினாலும் கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமான் ஏற்றினாலும் நமக்கு அது டெம்போ. உண்மையில் அது ஜெர்மனியில் ஒரு கம்பெனி வைத்த பெயர். ஹாம்பர்க் ஊர்க்காரர்கள், மூன்று சக்கர வண்டிக்குப் பேர்போனவர்கள். 1958-ல் இந்தியாவில் பஜாஜ் டெம்போ என்று தொடங்கி அந்த வண்டிகளை இங்கேயே செய்தார்கள். 2005-ல் அந்தக் கம்பெனியே டெம்போவை விட்டுவிட்டு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. வைத்தவனே கைவிட்ட பெயரை நாம் விடவில்லை பாருங்கள்.

டாரஸும் அதே கதைதான். கல் குவாரிப் பக்கம் பத்து சக்கரம், பன்னிரண்டு சக்கரம் போட்டு வரும் எல்லாவற்றையும் டாரஸ் என்கிறோம். அது அசோக் லேலண்ட் ஒரு மாடலுக்கு வைத்த பெயர். என் பையன் சொல்லித்தான் எனக்கே தெரியும், டாரஸ் என்றால் காளை மாடாம். மாட்டு வண்டியை ஒழித்துவிட்டு மாட்டையே ரோட்டில் விட்டிருக்கிறோம்.

தாமிரபரணிக்காரி (ஞாயிறு, காலை 8:30)

சின்ன லோடு வண்டி ஒன்று வந்ததே, 2005-ல், டாடா ஏஸ். அதற்கு நம்ம ஜனங்கள் வைத்த "குட்டி யானை"யை விட்டுவிட்டீர்களே ஸ்பேனர் அண்ணே. எந்தக் கம்பெனியும் சொல்லிக் கொடுக்காமல் ஊர் வைத்த பெயர் அது. வண்டியின் மூஞ்சியைப் பார்த்தாலே புரியும்.

நான் திருநெல்வேலியில் பிறந்து நாகர்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டவள். எங்க ஊரில் ஜங்ஷன் என்றால் ஒன்றே ஒன்றுதான், ரயில்வே ஸ்டேஷன் இருக்கும் இடம். கல்யாணமான புதிதில் தனியாக ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, ஆட்டோக்காரரிடம் "ஜங்ஷனுக்குப் பக்கத்துல வீடு" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "எந்த ஜங்சன் அக்கா?" என்கிறார். வேப்பமூடு ஜங்சன், செட்டிகுளம் ஜங்சன், பார்வதிபுரம் ஜங்சன் என்று வரிசையாகச் சொல்கிறார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இங்கே ரெண்டு ரோடு சந்தித்து ஒரு டீக்கடை இருந்தால் அது ஜங்ஷன். ரயில் வருவதற்கு முன்னாலேயே ஜங்ஷனை எடுத்து ரோட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் போல.

இன்னொன்று, மூடு. வேப்பமூடு, புளியமூடு, ஆலமூடு. எங்க பக்கம் மூடு என்றால் கதவைச் சாத்து. இங்கே மரத்தின் அடி. பஸ் ஸ்டாப்புக்கெல்லாம் மரத்தடி என்று பெயர், அநேக இடத்தில் மரம் கிடையாது.

சும்மா_வந்தவன் (ஞாயிறு, மதியம் 12:15)

வாட்ஸப்பில் வந்தது, பகிர்கிறேன். "கார் என்பது தமிழ்ச் சொல். பழந்தமிழில் கால் என்றால் சக்கரம். கால் திரிந்து கார் ஆனது. நேவி என்பது நாவாய். சைக்கிள் என்பது சக்கரம். உலக வாகனங்கள் அனைத்துக்கும் பெயர் வைத்தவன் தமிழன். தமிழனாக இருந்தால் பகிருங்கள்." உண்மையா சார்?

சொல்வேர் (ஞாயிறு, மதியம் 1:40)

தமிழனாக இருப்பதால்தான் பகிராமல் பதில் எழுதுகிறேன்.

பழந்தமிழில் கால் என்றால் சக்கரம் என்பது உண்மை. பொய்யைச் சொல்பவன் முதல் வரியில் ஒரு உண்மையை வைப்பான், அதை நம்பி மீதியை விழுங்கிவிடுவோம். ஆங்கிலக் கார் வந்த வழி தெளிவாகத் தெரியும். பிரான்ஸ் நாட்டில் ரோமானியர்களுக்கு முன் இருந்த கெல்ட் இனத்தார் தங்கள் வண்டியை கர்ரோஸ் என்றார்கள், ரோமானியர் அதைக் கர்ருஸ் என்று எடுத்துக்கொண்டார்கள், அங்கிருந்து பிரெஞ்சு, அங்கிருந்து ஆங்கிலம். இடையில் தமிழ் வந்து ஏறிய ஸ்டாப் எதுவும் இல்லை. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொந்தம் கொண்டாடினால், நமக்குக் கார் என்றால் கருமை, மழைமேகம்.

தாமிரபரணிக்காரி (ஞாயிறு, மதியம் 1:52)

எங்களுக்குக் கார் என்றால் நெல். காரும் பிசானமும். உங்க ஊரில்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று விதைப்பீர்கள்.

சொல்வேர் (ஞாயிறு, மதியம் 2:30)

அதேதான், நன்றி அம்மா. இனி அந்தச் செய்தியில் தவறிப்போய் உண்மை விழுந்துவிட்ட இடம் சைக்கிள். கிரேக்கத்தில் கிக்லோஸ் என்றால் சக்கரம், வடமொழியில் சக்ர. ரெண்டும் ஒரே மூலத்தில் இருந்து பிரிந்தவை. அதில் இருந்து ஆங்கில வீலும் வந்தது, கேட்டால் நம்ப முடியாது, ஆனால் ஒலி மாறிய விதத்தைப் படிப்படியாகக் காட்ட முடியும். நாம் சக்கரத்தை வடமொழியில் இருந்து எடுத்தோம், சைக்கிளை ஆங்கிலத்தில் இருந்து எடுத்தோம், பிரிந்து போன அண்ணன் தம்பி நம் வீட்டுத் திண்ணையில் வந்து சேர்ந்துகொண்டார்கள். நம்முடைய சொந்தச் சொல் வேண்டுமானால் ஆழி இருக்கிறது, திகிரி இருக்கிறது, உருளை இருக்கிறது. உருளை கடைசியில் கிழங்குக்குப் போய்விட்டது.

ஆட்டோவையும் இதோடு முடித்துவிடுகிறேன். ஜப்பானில் 1870 வாக்கில் மனிதன் இழுக்கும் வண்டிக்கு ஜின்ரிக்கிஷா என்று பெயர், ஜின் மனிதன், ரிக்கி வலு, ஷா வண்டி. ஊர் ஊராக வரும்போது முதலில் ஜின் உதிர்ந்து ரிக்ஷா ஆனது. பெயரில் மனிதனை எடுத்துவிட்டார்கள், ஆனால் இழுத்தவன் மனிதன்தான். பிறகு மோட்டார் வைத்து ஆட்டோ ரிக்ஷா, பிறகு ரிக்ஷாவும் உதிர்ந்து வெறும் ஆட்டோ. கிரேக்கத்தில் ஆட்டோ என்றால் தான், தானாக. தனித்தமிழ்க்காரர்கள் வைத்த தானி என்ற சொல்லைக் கேலி செய்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம், அதைவிட நெருக்கமாக யாராலும் மொழிபெயர்க்க முடியாது. நானே இன்றுவரை "தானி" என்று ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

டபுள்விசில் (ஞாயிறு, மாலை 4:10)

சக்கரம் என்றதும் எங்க பாட்டா ஞாபகம். திருவிதாங்கூர் காலத்தில் காசுக்கே சக்கரம் என்று பெயர். ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்து, நயா பைசா எல்லாம் வந்த பிறகும் பாட்டா விடவில்லை, "கையில சக்கரம் இருக்கா?" என்றுதான் கேட்பார். திருவிதாங்கூர் அரசு 1938-ல் சொந்தமாக பஸ் விட ஆரம்பித்தபோது டிக்கெட்டுக்கு வாங்கியதும் சக்கரம்தான். உருளும் சக்கரத்துக்கு உருண்டைச் சக்கரத்தைக் கொடுத்து ஏறிப் போயிருக்கிறார்கள்.

பாட்டா சைக்கிள் ஓட்டுவது என்று சொல்ல மாட்டார், சவுட்டுவது. "சவுட்டிப் போனா அர மணிக்கூர்." சவுட்டு என்றால் மிதி. அதையே கொஞ்சம் இஸ்திரி போட்டு மிதிவண்டி என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம்.

ஜொகூர்_நாஞ்சிலான் (ஞாயிறு, இரவு 10:25)

புலியூர்க்குறிச்சி அண்ணே, உங்க அம்மா சொன்ன தீவண்டியை அடிக்க விடாதீர்கள். நான் பதினாலு வருஷமாக மலேசியாவில் இருக்கிறேன். இங்கே மலாய் மொழியில் ரயிலுக்குக் "கெரேத்தா அப்பி". கெரேத்தா வண்டி, அப்பி நெருப்பு. அச்சு அசல் தீவண்டி. கூட வேலை பார்க்கும் சீனரிடம் கேட்டேன், அவர்கள் மொழியிலும் நெருப்பு வண்டிதானாம். நிலக்கரி எரிந்து புகை கக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? மலையாளத்துக்காரர்களும் நம்ம ஆச்சிமாரும் நெருப்பைப் பார்த்தார்கள், புகைவண்டி என்றவர்கள் புகையைப் பார்த்தார்கள். ரயில் என்றவர்கள் கீழே குனிந்து கம்பியைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கெரேத்தா மலாய்ச் சொல் இல்லை, போர்த்துகீசியரின் கரெட்டா. ஆனால் கப்பலுக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? "கபால்". நம்ம கப்பல்தான். வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் விட்டுவிட்டுப் போனது. வந்த புதிதில் ஏர்போர்ட் போர்டில் "கபால் தெர்பாங்" என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் துறைமுகம் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பறக்கும் கப்பல், அதாவது விமானம். ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணிச் சொன்னேன், "நம்ம கப்பலுக்கு இங்க றெக்கை முளைச்சிருக்கு" என்று. என் மனைவிக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கடைசி வரை புரியவில்லை.

அலைவாய்க்கரை (திங்கள், காலை 6:20)

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், கரையில் ஓடுவதையே பேசுகிறீர்கள். உலகம் முழுக்கப் போன நம்ம வண்டி கட்டுமரம், அதை ஒருத்தரும் எழுதவில்லை.

ஆங்கிலத்தில் கட்டமரான் என்று போயிருக்கிறது. டாம்பியர் என்ற இங்கிலீஷ் கடலோடி 1697-ல் வெளிவந்த தன் பயண நூலிலேயே இந்தச் சொல்லை எழுதிவிட்டார், சோழமண்டலக் கரையில் பார்த்தது. ஆனால் இன்றைக்குக் கட்டமரான் என்று இணையத்தில் தேடினால் வருவது, நடுவில் இடைவெளி விட்டு ரெண்டு படகை ஒட்டவைத்த மாதிரி பணக்காரர்களின் சொகுசுப் படகு. அது பசிபிக் தீவுக்காரர்களின் அமைப்பு. பெயர் மட்டும் எங்களுடையது. எங்க கட்டுமரத்தில் நடுவில் இடைவெளி விட்டால் அன்றைக்கு அடுப்பெரியாது. மரத்தோடு மரம் ஒட்டி இருக்க வேண்டும், அதுதான் கட்டு.

எங்க அப்பா மரத்தில் போனவர். கடற்கரையில் கட்டுமரம் என்று முழுசாகச் சொல்வது வெளியாட்கள்தான், எங்களுக்கு மரம். "மரம் வந்தாச்சா?" என்றுதான் அம்மா கேட்பார். கரை ஏறியதும் வடத்தை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள், ஊறின மரத்துக்குக் கனம் கூடிவிடும் என்பதால். முடிச்சு இறுகிப் போயிருக்கும், அப்பா பல்லால் கடித்துத் தளர்த்துவார். மரத்தைப் பிரிக்கும்போது இடுக்கில் இருந்து சின்ன நண்டு ரெண்டு மூன்று உதிரும், நாங்கள் பிள்ளைகள் அதற்காகவே நிற்போம். பிரித்துப் போட்டால் அது வெறும் மரம், மறுநாள் விடியும் முன்னால் கட்டினால் திரும்பவும் கட்டுமரம். இப்போது எங்க கரையில் பைபர் போட்தான், எஞ்சின் வைத்தது. அதை நாங்கள் வள்ளம் என்கிறோம், பழைய பலகை வள்ளத்தின் பெயர் பைபருக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் பைபரில் கடலுக்குப் போகும் பையனைப் பார்த்தும் கிழவிகள் இன்னும் "மரத்துக்குப் போறியா மக்களே?" என்றுதான் கேட்கிறார்கள்.

பழைய ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணையும் கட்டமரான் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதை எழுதினால் எங்க வீட்டில் என்னைத்தான் பார்ப்பார்கள், ஆனாலும் எழுதிவிட்டேன்.

கடைசியாக டபுள்விசில் அண்ணனிடம் ஒன்று. பஸ் என்றால் "எல்லாருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். எங்க அம்மா மீன் கடவத்தை, அதாவது ஓலைப் பெட்டியை, தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். நான் எட்டாம் வகுப்பு லீவில் கூடப் போன ஒரு நாள், மூன்று பஸ் நின்று, கடவத்தைப் பார்த்துவிட்டு, விசில் அடித்துக் கிளம்பிப் போனது. நாற்றமாம். நாலாவதாக வந்த டெம்போ பின்னால் ஏறிப் போனோம், சிமெண்ட் மூட்டை மேல். ஆகையால் ஸ்பேனர் அண்ணனின் டெம்போதான் எங்களுக்கு ஓம்னிபுஸ்.

ஸ்பேனர் (திங்கள், காலை 7:15)

அக்கா 🙏

டபுள்விசில் (திங்கள், காலை 11:30)

தங்கச்சி, காலையில் படித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. சொல்லிவிடுகிறேன். நானும் அப்படி விசில் அடித்திருக்கிறேன். ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை. கடற்கரை ரூட்டில் நாலு வருஷம் ஓடினேன், மீன்காரம்மாவை ஏற்றினால் மற்ற ஆட்கள் முணுமுணுப்பார்கள், ஏற்றாவிட்டால் அந்த அம்மா வாயாரத் திட்டும், மண்ணை அள்ளித் தூற்றும். முணுமுணுப்புக்குப் பயந்தேன், திட்டுக்குப் பயப்படவில்லை, ஏனென்றால் வண்டி கிளம்பியதும் திட்டு பின்னால் போய்விடும். சில நாள் ஏற்றியிருக்கிறேன், பின் படிக்கட்டுப் பக்கம், கடவத்துக்கு லக்கேஜ் டிக்கெட்டும் போட்டு. அதைச் சொல்லி நல்லபேர் வாங்கப் பார்க்கவில்லை.

நீங்கள் சொன்னது எந்த வருஷம், எந்த ஸ்டாப்பு?

அலைவாய்க்கரை (திங்கள், பகல் 12:05)

வருஷம் எதுக்கு அண்ணே. உங்களை இல்லை. மூன்று பேரில் ஒருத்தர் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவருக்கு மீசை கிடையாது.

டபுள்விசில் (திங்கள், பகல் 12:20)

எனக்கும் 1994 வரைக்கும் மீசை கிடையாது.

தாமிரபரணிக்காரி (திங்கள், பகல் 12:40)

😐

சொல்வேர் (திங்கள், மாலை 5:00)

யாரும் தொடவில்லை என்பதால் டிக்கெட்டையும் வேனையும் சொல்லிவிடுகிறேன், இழை வேறு பக்கம் போய்விட்டது என்று கோபிக்க வேண்டாம். டிக்கெட்டும், நாகரிக நடத்தை என்ற பொருளில் சொல்லும் எட்டிக்கெட்டும் ஒரே பிரெஞ்சுச் சொல், ஒட்டி வைக்கும் சீட்டு என்று பொருள். வேன் என்பது கேரவன் என்பதன் வால், பாரசீகத்தில் கார்வான், கூட்டமாகப் பயணம் போகிறவர்கள். பஸ்ஸுக்கு நேர்ந்த அதே கதி, தலை போய் வால் மிஞ்சியது. ஆனால் நம்ம ஊரில் பொண்ணு பார்க்கப் போகும்போது பதினான்கு பேர் உட்கார வேண்டிய வேனில் இருபத்தைந்து பேர் ஏறுவதைப் பார்த்தால், பழைய பொருள் எங்கும் போய்விடவில்லை.

லாரியை விட்டுவிடுகிறேன், அதற்கு ஆங்கிலேயர்களே இன்னும் மூலம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

புலியூர்க்குறிச்சி (புதன், இரவு 9:10)

எல்லாருக்கும் நன்றி. நோட்டு இன்றைக்குத் திரும்பி வந்தது.

மகள் பத்துக்குப் பதில் பதின்மூன்று எழுதியிருக்கிறாள். ரூல் நோட்டுக் கதைக்கு டீச்சர் ரெண்டு கோடு போட்டு "அருமை" என்று எழுதியிருக்கிறார். குட்டி யானைக்குச் சரி. டெம்போவுக்குக் கேள்விக்குறி, அந்த டீச்சர் மதுரைக்காரர், இங்கே மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கட்டுமரத்துக்கு நண்டு வரைந்து வைத்திருக்கிறாள், அதற்கும் சரி. தீவண்டியைச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் "தொடர்வண்டி" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொடர்வண்டியா? எதைத் தொடருதாம்?" என்று கேட்டுவிட்டு நோட்டைக் கீழே வைத்தார். பஸ்ஸுக்கு மகள் எழுதிய வரி: "பஸ் என்றால் எல்லாருக்கும். மீன் கடவத்துக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு." டீச்சர் அதை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்.

டபுள்விசில் (புதன், இரவு 9:25)

அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி.